மாட்டுக்கு மயக்க ஊசி – எந்தச் சிகிச்சைக்கு எந்த முறை?

நத்தம் வட்டாரத்தில் மானாவாரி நிலமும், சிறு மாந்தோப்பும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு கறவைப் பசுக்களும், நாலைந்து ஆடுகளுமே கைச்செலவுக்கு உதவும் செல்வம். மழை பொய்த்த ஆண்டிலும், மா காய்க்காத ஆண்டிலும் வீட்டை நடத்துவது பால் பணமும் ஆட்டுப் பணமும்தான். அத்தகைய பசு ஒன்றுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னால் உழவர் மனம் கலங்குவது இயல்பே.

அந்தக் கலக்கத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் குறுக்கே வருகின்றன. "மயக்க ஊசி போட்டால் மாடு திரும்ப எழுந்திருக்காது" என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஒன்று. "மாடுதானே, நாலு பேர் பிடித்துக் கட்டிப்போட்டால் போதும், ஊசி எதற்கு?" என்று எண்ணி, அனுபவமில்லாதவர் கையில் ஒப்படைப்பது மற்றொன்று. இவ்விரண்டினாலும் பிழைக்க வேண்டிய மாடுகள் சாகின்றன. மயக்க மருந்தில் எத்தனை வகை உண்டு, எதற்கு எது ஏற்றது, அதில் உழவர் செய்ய வேண்டிய பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதில் கூறப்படும் மருந்தளவுகள் விவரம் அறிந்துகொள்வதற்கு மட்டுமே. ஊசியைக் கால்நடை மருத்துவரே போட வேண்டும்.

வலி எவ்வாறு உணரப்படுகிறது?

உடலில் ஓரிடத்தில் காயம் பட்டால் அந்தச் செய்தி நரம்பின் வழியாக முதுகுத் தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் செல்கிறது. மூளையை அடைந்த பிறகே வலி உணரப்படுகிறது. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கம்பி வழியே செல்வதைப் போன்றது இது. கம்பியை வழியில் எங்கு துண்டித்தாலும் மோட்டார் ஓடாது. முதன்மை இணைப்பையே நிறுத்தினாலும் ஓடாது. அது போலவே, நரம்பின் வழியில் எங்கேனும் ஓரிடத்தில் செய்தியைத் தடுத்தாலும், மூளையையே உறங்க வைத்தாலும் வலி தெரியாது. மயக்க மருந்தின் வகைகள் எல்லாம் செய்தியை எந்த இடத்தில் தடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே பிரிகின்றன.

இங்கு ஒரு விளக்கம் தேவை. பேச்சு வழக்கில் "நரம்பு ஊசி" என்று நாம் சொல்வது இரத்தக் குழாயில் போடும் ஊசியை. இக்கட்டுரையில் நரம்பு எனக் குறிப்பது உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் வெண்ணிற நரம்பை.

நான்கு வகைகள்

இவ்வகைகளை மனிதருக்குச் செய்யும் சிகிச்சையிலிருந்தே எளிதில் புரிந்துகொள்ளலாம்.

1. ஓரிட மரப்பு: பல் பிடுங்கும் முன் ஈறில் போடும் ஊசி. அந்த இடம் மட்டும் மரத்துப் போகும். நோயாளி விழித்திருப்பார்.

2. பகுதி மரப்பு: சிசேரியன் சிகிச்சையின் போது தாய்க்கு முதுகில் போடும் ஊசி. இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இராது. ஆனால் பிறந்த குழந்தையின் அழுகுரலைத் தாய் கேட்கிறாள்.

3. அமைதிப்படுத்துதல்: வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் போது தரும் அரைத் தூக்கம். அச்சமும் பதற்றமும் அடங்கும்.

4. முழு மயக்கம்: பெரிய அறுவைகளுக்கு நினைவே இல்லாதபடி உறங்க வைப்பது. இதில் மூச்சையும் இதயத் துடிப்பையும் ஒருவர் இடைவிடாது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. 1846 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து வலியில்லாத அறுவையைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். மறு ஆண்டே குளோரோஃபார்ம் பழக்கத்திற்கு வந்தது. அதன் அபாயங்களை ஆராய நம் நாட்டில் ஐதராபாத்தில் 1888, 1889 ஆம் ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் அமைக்கப்பட்டன. இதயத்தையும் ஈரலையும் தாக்கும் குணத்தால் குளோரோஃபார்ம் பின்னாளில் கைவிடப்பட்டது. இன்று கால்நடை மருத்துவர் பையில் தவறாது இருக்கும் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து 1943 இல் சுவீடன் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. மாடுகளை அமைதிப்படுத்தும் சைலசின் என்ற மருந்து 1962 இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது.

மாட்டுக்கு முழு மயக்கம் ஏன் அரிது?

மனிதருக்கும் நாய்க்கும் முழு மயக்கம் கொடுப்பது போல மாட்டுக்கு எளிதில் கொடுக்க இயலாது. இதற்குக் காரணம் மாட்டின் வயிறே. வளர்ந்த பசுவின் முதல் வயிறான பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடியது. உள்ளே தீனி ஓயாமல் புளித்து வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும் மாடு அதை ஏப்பமாக வெளியேற்றிவிடுகிறது. மயங்கிய மாட்டுக்கு ஏப்பம் வராது. ஆகவே பின்வரும் ஆபத்துகள் நேரலாம்.

அ) வாயு தேங்கி வயிறு உப்பி, நுரையீரலை நெருக்கும். மூச்சு முட்டும்.

ஆ) வயிற்றில் உள்ள தீனிக் குழம்பு தொண்டைக்கு ஏறி மூச்சுக் குழலில் இறங்கலாம். அப்படி இறங்கினால் மாடு உடனே இறக்கலாம். பிழைத்தாலும் சில நாட்களில் நுரையீரல் அழற்சி வரும்.

இ) நன்கு தீனி உண்ணும் பெரிய பசு நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவுக்குக் கூட உமிழ்நீர் சுரக்கிறது. மயக்கத்தில் அதை விழுங்க முடியாமல் அதுவும் மூச்சுக் குழலுக்குள் போகக் கூடும்.

ஈ) பல மணி நேரம் ஒரே பக்கமாகக் கடினத் தரையில் கிடந்தால், தன் எடையாலேயே தசைகளும் முன்னங்கால் நரம்பும் நசுங்கி, பிறகு எழ முடியாமல் போகலாம்.

"மயக்க ஊசி போட்டால் மாடு எழாது" என்ற அச்சம் பிறந்தது இதனால்தான். அந்த அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது முழு மயக்கத்தைப் பற்றிய உண்மை. மாட்டுக்குச் செய்யும் அறுவைகளில் பெரும்பாலானவை முழு மயக்கம் இல்லாமலேயே, மாடு விழித்திருக்க, பல வேளைகளில் நின்றபடியே செய்யப்படுகின்றன. மாடு கண் விழித்து நிற்கும் போது மருத்துவர் கத்தி வைப்பதைக் கண்டு "மயக்கம் கொடுக்காமல் அறுக்கிறாரே" என்று பதற வேண்டாம். அந்த இடம் மரத்துவிட்டதா என்று ஊசி முனையால் குத்திப் பார்த்த பின்னரே மருத்துவர் தொடங்குவார்.

மாடுகளுக்கு ஏற்ற மரப்பு முறைகள்

வால் அடி ஊசி: கன்று ஈன்ற சில மணி நேரத்தில் சில பசுக்களுக்குக் கருப்பை முழுவதும் வெளியே தள்ளிவிடும். மருத்துவர் உள்ளே தள்ளத் தள்ளப் பசு மீண்டும் முக்கி வெளியே தள்ளும். இந்த முக்கலை நிறுத்துவதற்கே வால் அடியில் ஊசி போடப்படுகிறது. வாலை மேலும் கீழும் பம்பு அடிப்பது போல அசைத்தால் வால் எலும்புகளுக்கிடையே ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். அவ்விடத்தை மழித்துச் சுத்தம் செய்து, 2 சத லிக்னோகைன் மருந்து சுமார் 5 மி.லி. செலுத்தப்படும். சில நிமிடங்களில் வால் துவண்டு தொங்கும். முக்கல் நின்றுவிடும். பசு நின்றுகொண்டே இருக்கும். கன்று ஈனுவதில் சிக்கல் ஏற்பட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கவும் இதே ஊசி உதவுகிறது.

மருந்தின் அளவு கூடினால் பின்னங்கால்களும் மரத்து மாடு சாய்ந்துவிடும். வழுக்கும் சிமெண்டுத் தரையில் கால்கள் இருபுறமும் அகன்று இடுப்பு முறியக் கூடும். எனவே மருத்துவர் வரும் முன்பே தரையில் மணலோ வைக்கோலோ பரப்பி வையுங்கள். வெளியே தொங்கும் கருப்பையைச் சுத்தமான ஈரத்துணியால் மூடி, நாயும் காக்கையும் அண்டாமல் பாதுகாக்க வேண்டும். கையால் உள்ளே தள்ளவோ, ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியைப் பிய்க்கவோ கூடாது. இது ஒரு மணி நேரமும் தாமதிக்கத் தகாத நோய்.

விலாப்புற ஊசி: வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்கு, முதுகெலும்பிலிருந்து விலாவுக்குப் பிரியும் மூன்று அல்லது நான்கு நரம்புகளை அவை தோன்றும் இடத்திலேயே மரக்கச் செய்வர். மரப்பு ஏறியதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. அந்தப் பக்கத்துத் தோல் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். முதுகு அந்தப் பக்கம் புடைத்து வில் போல வளையும். இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மருந்தின் வேகம் தணிந்ததும் முதுகு நேராகிவிடும். சில மருத்துவர்கள் 'ட' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாற் போல, விலா எலும்பை ஒட்டியும் இடுப்பை ஒட்டியும் வரிசையாக மருந்தைச் செலுத்துவர். இதுவும் நல்ல முறையே.

பசுவுக்குச் சிசேரியன் செய்யவும், வயிற்றில் சேர்ந்த ஆணி, கம்பி, பிளாஸ்டிக் ஆகியவற்றை எடுக்கவும் இம்முறை கையாளப்படுகிறது. 2019 அக்டோபரில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கி.கி. பிளாஸ்டிக் கழிவு அகற்றப்பட்டது. அறுவை 5 மணி நேரத்திற்கு மேல் நீடித்தது. தெருவோரக் குப்பையில் மேயும் மாடுகள் எங்கும் உள்ளன. சந்தை முடிந்த திடலிலும், திருவிழா முடிந்த கோயில் வெளியிலும் மாட்டை அவிழ்த்து விடாதீர்கள்.

கொம்பு ஊசி: கண்ணின் வெளி ஓரத்திற்கும் கொம்பின் அடிக்கும் நடுவே, எலும்பு விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு செல்கிறது. அங்கு மருந்து செலுத்தினால் 5 முதல் 10 நிமிடங்களில் கொம்பு மரத்துவிடும். முறிந்த கொம்பையும் புற்று வந்த கொம்பையும் அகற்ற இது போதும். கன்றுக்குக் கொம்பு வேண்டாம் எனில் முதல் மாதத்திற்குள்ளேயே குருத்தைச் சுட்டுவிடலாம். அப்போதும் இந்த ஊசி அவசியம்.

குளம்பு ஊசி: குளம்பில் ஆழமான சீழ்ப் புண் வந்த காலில் ரப்பர் பட்டையை இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாயில் மரப்பு மருந்து செலுத்தப்படும். கட்டு இருக்கும் வரை கால் மரத்திருக்கும். கட்டை அவிழ்த்த சில நிமிடங்களில் உணர்ச்சி திரும்பும். இம்முறையை 1908 இல் ஆகஸ்ட் பீர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மனிதருக்காக வகுத்தார். மருத்துவர் சொல்லாமல் கட்டை நீங்களாக அவிழ்க்கக் கூடாது. மருந்து முழுவதும் ஒரே வீச்சில் இதயத்தை நோக்கிப் பாய்ந்துவிடும்.

காம்பு ஊசி: முள்வேலியில் கிழிந்த மடிக்காம்பைத் தைக்க, காம்பின் அடியைச் சுற்றி மோதிரம் போல மருந்து செலுத்தப்படுகிறது. காம்புக் காயம் அன்றைக்கன்றே தைக்கப்பட்டால்தான் நன்கு கூடும். மூன்று நாள் மஞ்சள் பூசிப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் காம்பில் பால் நிலைப்பது கடினம்.

அமைதிப்படுத்தும் மருந்து

முரட்டுக் காளைகள், மனிதரை அண்டவிடாத மாடுகள் ஆகியவற்றைக் கையாள இம்மருந்து தேவைப்படும். 2023 ஜூன் மாதம் நம் அண்டை மாவட்டமான தேனியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைத் துப்பாக்கி வழியே மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது நினைவிருக்கும். அந்த யானை கீழே விழுந்து உறங்கவில்லை. அரை மயக்கத்தில் நின்றபடியே கும்கி யானைகளின் உதவியுடன் லாரியில் ஏற்றப்பட்டது. அமைதிப்படுத்துதல் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மாடுகளுக்குப் பெரும்பாலும் சைலசின் தரப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, அளவு. குதிரைக்குத் தேவைப்படும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதுமானது. கையளவில் குத்துமதிப்பாகப் போடும் மருந்து இதுவன்று.

இரண்டாவது, சினை. நிறை சினைப் பசுவின் கருப்பையை இம்மருந்து சுருங்கச் செய்யும். கன்று வீச்சு ஏற்படலாம். பசு சினையா, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, வயிறு உப்புசம். மாம்பழக் காலத்தில் தோப்பில் மேயும் மாடுகளுக்கு மாங்கொட்டை தொண்டையில் சிக்குவதுண்டு. வாயில் நீர் வடியும். கழுத்தை நீட்டித் தவிக்கும். இடப்பக்க வயிறு உப்பும். அமைதி மருந்து பெருவயிற்றின் அசைவை நிறுத்தி உப்புசத்தை மேலும் கூட்டும். ஆகவே மருத்துவர் முதலில் வாயுவை வெளியேற்றப் பார்ப்பார். "ஊசி போட்டு அடக்குங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். நீங்களாகக் குச்சியை விட்டுக் கொட்டையை உள்ளே தள்ளவும் கூடாது. உணவுக் குழல் கிழிந்துவிடும்.

நான்காவது, மிரட்சி. மிரண்டு ஓடி, மூச்சு இரைக்க நிற்கும் காளையிடம் இம்மருந்து சரிவர வேலை செய்யாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊசி ஏற ஏற ஆபத்து மிகும். சல்லிக்கட்டுக் காளை வளர்ப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். காயம் பட்ட காளையை முதலில் கூட்டத்திலிருந்து விலக்கி, நிழலில், பழகிய ஒருவர் கையில் கயிற்றைக் கொடுத்து அமைதியாக நிறுத்துங்கள். ஊசி போட்ட பின்னரும் கால் மணி நேரம் சத்தமின்றி விடவேண்டும்.

அமைதிப்படுத்தும் மருந்து ஓரளவே வலியைக் குறைக்கும். அதனால் அறுக்கும் இடத்தில் மரப்பு ஊசியும் சேர்த்தே போடப்படும். தேவைக்கு மேல் மயக்கம் நீடித்தால், அதை முறிக்கும் யோஹிம்பின் போன்ற மாற்று மருந்துகளும் உள்ளன.

முழு மயக்கம் தேவைப்படும் போது

தொடை எலும்பு முறிவைத் தகடு வைத்துப் பொருத்துதல், பெரிய குடலிறக்கம், தொண்டைக்குள் செய்யும் அறுவை போன்றவற்றுக்கு முழு மயக்கம் வேண்டியிருக்கும். கீட்டமைன், தயோபென்டோன் போன்ற மருந்துகளை இரத்தக் குழாயில் செலுத்தி உறங்க வைத்து, மூச்சுக் குழலில் காற்றுப் பை பொருத்திய ரப்பர்க் குழாயை நுழைத்துவிடுவர். அந்தக் காற்றுப் பை தீனியும் உமிழ்நீரும் உள்ளே போகாமல் தடுக்கும். பிறகு ஐசோஃப்ளூரேன் ஆவியைப் பிராணவாயுவுடன் கலந்து கொடுப்பர். இதற்குக் கருவிகளும் பல கைகளும் தேவை என்பதால் நாமக்கல், தேனி போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு மாட்டைக் கொண்டு செல்லும்படி உங்கள் மருத்துவர் கூறலாம். உள்ளூரில் செய்ய மறுக்கிறாரே என்று வருந்த வேண்டாம். உங்கள் மாட்டின் உயிரைக் கருதியே அவ்வாறு கூறுகிறார்.

ஆடுகளுக்குத் தனிக் கவனம்

ஆடும் மாடும் ஒரே இனம் போலத் தோன்றினாலும் மருந்தில் இரண்டும் வேறு. 2 சத லிக்னோகைன் 1 மி.லி. மருந்தில் 20 மி.கி. சரக்கு உள்ளது. ஆட்டின் ஒரு கி.கி. உடல் எடைக்கு 5 மி.கி. என்ற அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இதன்படி 25 கி.கி. ஆட்டுக்குச் சுமார் 6 மி.லி. வரை தரலாம். 3 கி.கி. குட்டிக்கு முக்கால் மி.லி. மட்டுமே. பசுவின் வால் அடிக்குப் போடும் அதே 5 மி.லி. மருந்து இந்தக் குட்டிக்குள் போனால் வலிப்பு கண்டு இறந்துவிடும். குட்டிகளுக்கு மருத்துவர் மருந்தை நீர்க்கச் செய்து போடுவது இதனால்தான். சைலசின் மருந்தும் ஆடுகளுக்கு மாட்டை விடக் கூடுதலாகப் பிடிக்கும். நுரையீரலில் நீர் கோக்கும் அபாயமும் உண்டு.

கிடாக் குட்டிகளைக் கல்லாலும் கட்டையாலும் நசுக்கிக் காயடிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். வலியால் குட்டி தீனி எடுக்காமல் மெலியும். புண்ணில் புழு வைக்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் மரப்பு ஊசி போட்டு, பர்டிசோ கருவியால் தோல் கிழியாமல் காயடித்துக்கொள்ளலாம்.

எடையை நீங்களே அறியலாம்

மயக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கிராமத்தில் மாட்டை நிறுக்கத் தராசு ஏது? தையற்காரர் நாடா ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளக்கவும். தோள்முனையிலிருந்து பின்புறப் புட்ட எலும்பு முனை வரை நீளத்தை அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: பசுவின் மார்புச் சுற்றளவு 60 அங்குலம், நீளம் 54 அங்குலம் எனில், 60 × 60 × 54 = 1,94,400. இதை 660 ஆல் வகுத்தால் சுமார் 295 கி.கி. அது போலவே சுற்றளவு 26 அங்குலமும் நீளம் 24 அங்குலமும் உள்ள ஆடு சுமார் 25 கி.கி. இருக்கும்.

அறுவைக்கு முன் உழவர் செய்ய வேண்டியவை

1. நாள் குறித்துச் செய்யும் அறுவையாயின், மருத்துவர் சொல்லும் நேரத்திலிருந்து தீனியை நிறுத்த வேண்டும். முழு மயக்கம் கொடுப்பதாயின் வளர்ந்த மாட்டுக்குப் பொதுவாக 24 மணி நேரம் தீனியும், 12 மணி நேரம் தண்ணீரும் நிறுத்தப்படும். ஆடுகளுக்கு 12 முதல் 24 மணி நேரம் தீனி நிறுத்தினால் போதும்.

2. பால் குடிக்கும் கன்றையும் குட்டியையும் நெடுநேரம் பட்டினி போடக் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். 2 முதல் 4 மணி நேரமே போதுமானது.

3. "பாவம், வாயில்லாச் சீவன்" என்று இரவில் ஒரு கை வைக்கோல் போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவையை ஒரு நாள் தள்ளி வைக்கலாம். மூச்சுக் குழலில் இறங்கிய தீனியை வெளியே எடுக்க முடியாது.

4. அவசர அறுவைக்குப் பட்டினி பார்க்க இயலாது. கடைசியாக எப்போது, என்ன தின்றது என்பதை மட்டும் சரியாகக் கூறுங்கள்.

5. சினை, வயது, அண்மையில் போட்ட ஊசி, கொடுத்த நாட்டு மருந்து ஆகிய அனைத்தையும் தெரிவியுங்கள்.

6. நல்ல வெளிச்சம், நிழல், சமதரை, இரண்டு வாளி சுத்தமான தண்ணீர், உறுதியான கயிறு, வைக்கோல் படுக்கை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். வேடிக்கை பார்ப்போரை விலக்குங்கள்.

அறுவைக்குப் பின் கவனிப்பு

படுத்திருக்கும் மாட்டைப் பக்கவாட்டில் கிடக்க விடாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுங்கள். இந்த நிலையில் ஏப்பம் எளிதாக வெளியேறும். தலை முழுவதும் தெளியும் வரை வாயில் தண்ணீரோ கஞ்சியோ மருந்தோ புகட்டக் கூடாது. விழுங்கும் உணர்வு திரும்பாத மாட்டுக்குப் புகட்டும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். அன்புடன் புகட்டிய ஒரு சொம்பு கஞ்சியே எமனாகும்.

கூட்டமாக நின்று வாலை முறுக்கி எழுப்ப வேண்டாம். தானே எழட்டும். மற்ற மாடுகள் முட்டாதபடி தனியே கட்டுங்கள். கடும் வெயிலும் மழையும் படக் கூடாது. இடப்பக்க வயிறு உப்பினாலும், மூச்சுத் திணறினாலும், அன்று மாலைக்குள் எழாவிட்டாலும் மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

மரப்பு ஊசியின் வேகம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். அதன் பிறகு வலி திரும்பும். அதற்கு வலி நிவாரணி வேறாக எழுதித் தரப்படும். மெலாக்சிகாம் இதற்கு ஏற்றது. டைக்ளோஃபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006 ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அம்மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளான பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு நாடெங்கும் மடிந்தன. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளும் 2023 இல் இதே காரணத்தால் தடை செய்யப்பட்டன. மருந்துக் கடையில் மனிதருக்கான ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள்.

சிகிச்சை பெற்ற பசுவின் பாலை எத்தனை நாள் கழித்துச் சங்கத்தில் ஊற்றலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதுவரை அதனைத் தனியே கறந்து அப்புறப்படுத்துங்கள்.

யாரை அழைப்பது?

1984 ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, கால்நடைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் உரிமை பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கே உண்டு. காயடித்தல் போன்ற சிறு பணிகளை அவருடைய மேற்பார்வையில் கால்நடை ஆய்வாளர் செய்யலாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். மாட்டைக் கொண்டுசெல்ல இயலாத நிலையில் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். அழைக்கும் போது ஊர், அடையாளம், மாட்டின் வயது, சினை மாதம், நோய் தொடங்கிய நேரம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

உழவர் பெருமக்களே! மயக்க ஊசிக்கு அஞ்சித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் மாட்டின் வலுவைக் குறைக்கிறது. வலுவிழந்த மாட்டுக்குத்தான் எந்த மருந்தும் ஆபத்து. நின்றபடியே மரக்க வைத்துச் செய்யும் சிகிச்சை நம் ஊர்த் தொழுவத்திலேயே கிடைக்கிறது. நோய் கண்ட அன்றே மருத்துவரை அழைத்து, எடை, சினை, தீனி ஆகிய மூன்று விவரங்களையும் உள்ளபடி கூறி, அறுவைக்குப் பின் தெளியும் வரை அருகிருந்து பார்த்துக்கொண்டால், உங்கள் செல்வம் மீண்டும் தன் காலில் நின்று அசைபோடும்.